மென்பொருள் எப்போது கைக்கு வரும்?

மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், ஏழு மாதம் ஆகிவிட்டது, இப்போது கேட்டாலும் ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள், எங்களை ஏமாற்றுகிறார்களா? பில்லிங், சரக்கு இருப்பு, கணக்கு மூன்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர முனையும் சிறுதொழில் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த மென்பொருளை எழுதும் இளைஞர்களிடமிருந்து வருவதும் இதே கேள்விதான், வேறு உருவத்தில்: முதலாளி தேதி கேட்கிறார், என்ன சொல்வது?

முதலில் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. தாமதமான வேலைகளில் பெரும்பாலானவற்றில் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடுதான் கையெழுத்திட்டிருப்பார்கள். தேதியைக் கேட்ட விதமும் சொன்ன விதமும் தவறாக இருந்திருக்கும். ‘எத்தனை நாள் ஆகும்?’ என்று வேலை செய்பவரிடம் கேட்டு, அவர் யோசித்துச் சொல்லும் எண்ணை நாட்காட்டியில் குறித்துக்கொள்வதுதான் வழக்கம். அந்த எண் அவர் மனதில் ஓடிய கதையின் நீளம். இதுபோன்ற வேலைகள் இதற்குமுன் எத்தனை நாள் எடுத்தன என்பது வேறு எண். தேதி அங்கிருந்து வர வேண்டும்.

இதற்கு உளவியலில் நல்ல சான்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில், பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு பாடத்திட்டம் எழுதும் குழுவில் இருந்தார். பாடமே முடிவெடுப்பதைப் பற்றியது. சுமார் ஓராண்டு வேலை நடந்த பிறகு, இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொன்னார். எல்லா விடைகளும் ஒன்றரை ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையில் இருந்தன. பிறகு, குழுவில் இருந்த பாடத்திட்ட நிபுணர் சீமூர் ஃபாக்ஸிடம் வேறு ஒரு கேள்வி கேட்டார்: ‘நம்மைப் போலத் தொடங்கிய மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது?’ ஃபாக்ஸ் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்ன பதில்: ஏறத்தாழ 40 விழுக்காடு குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழு முதல் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டன. நம் குழு அவற்றைவிடத் திறமையானதா என்றால், சராசரிக்குச் சற்றுக் கீழே என்றார். அந்தப் பாடத்திட்டம் எட்டாண்டு கழித்துத்தான் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஃபாக்ஸ் தாளில் எழுதிய எண். பழைய குழுக்களின் வரலாறு முழுவதும் அவருக்குத் தெரியும். இருந்தும் அவருடைய மதிப்பீடும் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. தெரிந்த தகவல் தலைக்குள்ளேயே இருந்தது, யாரும் கேட்காததால் வெளியே வரவில்லை. கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியான கட்டுரையில் இந்தப் போக்குக்குப் பெயர் கொடுத்தார்கள்: பிளானிங் ஃபாலசி (திட்டமிடும்போது நல்லதையே கற்பனை செய்யும் மயக்கம்). 1994இல் ரோஜர் பியூலர் முதலானோர் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால் 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. ஆக, ‘மிக மோசமாகப் போனால் எவ்வளவு?’ என்று கேட்டு வாங்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது.

மயக்கம் ஒரு காரணம். இரண்டாவது காரணம் மிகச் சாதாரணமானது: பட்டியலில் இல்லாத வேலை. டெவலப்பர் ‘பன்னிரண்டு வாரம்’ என்று சொல்லும்போது அவர் கணக்கிடுவது நிரல் எழுதும் நேரத்தை. உங்கள் கடையில் அந்த மென்பொருள் ஓடுவதற்கு முன் நடக்க வேண்டியவற்றில் நிரல் ஒரு பகுதி மட்டும்.

டேட்டா மைக்ரேஷனை (பழைய கணக்கில் உள்ள தரவுகளைப் புதியதற்கு மாற்றுவது) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரியின் பழைய சரக்குப் பட்டியலில் ‘பிவிசி பைப் 1 இன்ச்’, ‘பைப் பிவிசி ஒரு இன்ச்’, ‘1 இன்ச் பைப் வெள்ளை’ என மூன்று பெயரில் ஒரே சரக்கு இருக்கும். ஒன்றில் அளவு மீட்டரில், இன்னொன்றில் எண்ணிக்கையில். சிலவற்றுக்கு எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் சரக்கு எண்) இருக்காது. வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி எண்களில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். இதைக் கணினி தானாகச் சரிசெய்யாது. மென்பொருள் நிறுவனத்துப் பையனுக்கும் எது எதுவென்று தெரியாது. உங்கள் கடையில் பத்தாண்டு சரக்கு எடுத்துக் கொடுத்தவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவருக்கோ பகலெல்லாம் கவுண்டரில் வேலை. நான் பார்த்த தாமதங்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. நிரல் தயாராகிக் காத்திருக்கும், பட்டியல் தயாராகாது.

அடுத்தது வெளியார் அனுமதிகள். வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டுமானால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி உங்கள் நிறுவனப் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (வணிகச் செய்திகளுக்கான பதிவுத் தளம்) பதிவுசெய்ய வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்க, பேமென்ட் கேட்வே நிறுவனம் உங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கும். ஆண்ட்ராய்டு செயலியைத் தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்த கணக்கிலிருந்து வெளியிடுவதானால், கூகுள் பிளே குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டச் சொல்கிறது. அந்த 14 நாளை எந்தத் திறமையாலும் பத்து நாளாக்க முடியாது. இவற்றில் எதுவும் கடினமான வேலை இல்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதுதான். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும் என்பது நிரல் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தால், காத்திருப்பு முழுவதும் தேதியின்மேல் ஏறும்.

மூன்றாவது, உங்கள் ஊழியர்களின் நாட்காட்டி. புதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் கணக்காளர். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனமானால், 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. சோதனைக்கு அவர் மனம் ஒன்றிக் கிடைப்பது 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை, அதிகபட்சம் பதினொரு நாள். அதில் ஞாயிறு போகும். ‘டெஸ்டிங் இரண்டு வாரம்’ என்று திட்டத்தில் எழுதியிருந்தால், அது உங்கள் நிறுவனத்தில் இரண்டு மாதம்.

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். நிரல், தரவுப் பட்டியல், வெளி அனுமதி, சர்வர், ஊழியர் பயிற்சி என ஐந்து தனித்தனி வேலைகள் ஒரே நாளில் முடிந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய 80 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது, நல்ல நிலைதான். ஐந்தும் சேர்ந்து முடிய வாய்ப்பு, 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால், 33 விழுக்காடுகூட இல்லை. ஐந்து பேரும் தனித்தனியே ‘என் வேலை சரியாக வந்துவிடும்’ என்று உண்மையாகவே சொல்ல முடியும், மொத்தம் தவறிப்போகவும் முடியும். போதாததற்கு, நான்கு நாள் வேலை என்று நினைத்தது சீக்கிரம் முடிந்தால் மூன்று நாளில் முடியும். இழுத்தால் பன்னிரண்டு நாளுக்கும் போகும். மிச்சமாவது ஒரு நாள், இழப்பது எட்டு நாள். அதனால்தான் ஒன்றின் தாமதத்தை இன்னொன்றின் வேகம் ஈடுகட்டுவதில்லை.

வேலை சரியான தடத்தில் இல்லை என்பதைத் தேதி தவறும் முன்பே கண்டுகொள்ள முடியும். நான் முதலில் பார்க்கும் அறிகுறி ‘90 விழுக்காடு முடிந்துவிட்டது’ என்ற சொல். பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் வேடிக்கையாக ஒரு கணக்குச் சொன்னார்: முதல் 90 விழுக்காடு நிரலுக்கு 90 விழுக்காடு நேரம் ஆகும், மீதிப் பத்து விழுக்காட்டுக்கு இன்னொரு 90 விழுக்காடு நேரம் ஆகும். தளம் போட்டதும் வீடு முடிந்ததுபோலத் தெரிந்து, பிறகு பூச்சு, வயரிங், தரை, கதவு என்று மாதங்கள் போவதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். மென்பொருளில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதி, தவறான உள்ளீடுகளைச் சமாளிப்பது: விலையில் பூஜ்யம் போட்டால் என்ன ஆகும், பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும், திரும்பி வந்த சரக்கு எந்த மாதக் கணக்கில் சேரும். 90 விழுக்காடு என்று மூன்று வாரம் தொடர்ந்து கேட்டால், அந்த எண்ணுக்குப் பின்னால் எண்ணிக்கை எதுவும் இல்லை என்று அறியலாம்.

இரண்டாவது அறிகுறி, தேதி தள்ளும் விதம். ஒரு முறை ஆறு வாரம் தள்ளுவது கவலைக்குரியதல்ல. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை ஒரு வாரம் தள்ளுவது கவலைக்குரியது. பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தை 2012 ஜூனில் திறப்பதாக அழைப்பிதழ்கள் போனபின், மே மாதத்தில், ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், நிறுத்தினார்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பும் அதை இயக்கும் கட்டுப்பாடுகளும் தயாராக இல்லை. அந்த நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31. எட்டாண்டு மிச்சமிருந்த வேலையை, சில வார வேலை என்று அதற்குமுன் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக: மூன்று வாரமாக உங்கள் முன்னால் எதையும் ஓட்டிக் காட்டவில்லை, உங்கள் பழைய தரவை இதுவரை யாரும் கேட்கவே இல்லை, நீங்கள் சொல்லும் பிழைகளைத் திருத்துவதைவிடப் புதுப் பிழைகள் வேகமாக வருகின்றன, வேலை தெரிந்த டெவலப்பர் மாறிவிட்டார், ஆனால் தேதி மட்டும் மாறவில்லை.

வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. மென்பொருள் நிறுவனத்திடம் ‘எப்போது முடிப்பீர்கள்?’ என்று கேட்பதற்குமுன், இதே அளவில் அவர்கள் கடைசியாகச் செய்த மூன்று வேலைகளைக் கேளுங்கள். எப்போது முடிப்பதாகச் சொன்னார்கள், எப்போது முதல் பில் புதிய மென்பொருளில் போடப்பட்டது? முடிந்தால் அந்த வாடிக்கையாளர்களிடம் நேரில் பேசுங்கள். மூன்றில் இரண்டு எட்டு மாதம் ஆகியிருந்தால், உங்களுடையதும் எட்டு மாதம் என்றே வைத்துத் தொடங்குங்கள். ‘உங்கள் வேலை எளிதுதான் சார்’ என்பதற்குச் சிறிதளவு மட்டும் குறைத்துக்கொள்ளலாம். இதுதான் ரெஃபரன்ஸ் கிளாஸ் முறை (ஒத்த வேலைகளின் வரலாற்றை அளவுகோலாக வைப்பது). கானமனின் கேள்விதான் இது. பெருந்திட்டங்களை ஆராய்ந்த பெண்ட் ஃப்ளிவ்பியா இதை நடைமுறைக் கணக்காக வளர்த்தார்.

சிலர் குறுக்குவழி ஒன்று சொல்வார்கள்: டெவலப்பர் சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள், போதும். ஃப்ளிவ்பியாவும் அலெக்ஸாண்டர் புட்சியரும் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களைப் பார்த்து 2011இல் வெளியிட்ட கணக்கு, இந்தக் குறுக்குவழி ஏன் உதவாது என்று காட்டுகிறது. செலவு மதிப்பீட்டைச் சராசரியாக 27 விழுக்காடுதான் மிஞ்சியது. ஆனால் ஆறில் ஒரு திட்டம் தனிரகம்: அவற்றில் செலவு சராசரியாக 200 விழுக்காடு மிஞ்சியது, காலம் கிட்டத்தட்ட 70 விழுக்காடு நீண்டது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் பெரும்பாலான வேலைகளுக்குத் தேவைக்குமேல் நேரம் கொடுத்திருப்பீர்கள், அந்த ஆறாவது வேலைக்கோ பணத்தில் அதுவும் போதாது. மேலும், நீங்கள் இரண்டால் பெருக்குவீர்கள் என்று தெரிந்தால் அவர் அடுத்த முறை பாதியைச் சொல்வார். உங்கள் வேலை அந்த ஆறாவது ரகமா என்று பார்ப்பதுதான் முக்கியம். யாரும் இதுவரை செய்யாத ஒன்று உள்ளே இருக்கிறதா? பல நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், முழு வேலைக்கும் தேதி கேட்காதீர்கள். அந்தக் கடினமான பகுதியை மட்டும் இரண்டு மூன்று வாரத்தில் செய்து காட்டச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து, பிறகு தேதியைப் பேசுங்கள்.

தேதியை ஒரே நாளாகக் கேட்கவும் வேண்டாம். பாரி போஹம் 1981இல் எழுதிய நூலில், திட்டத்தின் தொடக்க நிலையில் சொல்லப்படும் மதிப்பீடு நான்கு மடங்கு வரை கூடவோ, நான்கில் ஒரு பங்கு வரை குறையவோ இடமுண்டு என்று காட்டினார். தேவைகள் தெளிவாக எழுதப்பட்டு, திரைகள் வரையப்பட்ட பிறகுதான் அந்த விரிவு சுருங்கும். ஆகவே முதல் சந்திப்பில் கிடைக்கும் ‘நான்கு மாதம்’ என்ற எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுவது இரு தரப்புக்கும் ஆபத்து. ‘பாதி வாய்ப்பு நவம்பர் கடைசி, பத்தில் எட்டு வாய்ப்பு ஜனவரி நடுப்பகுதி’ என்று சொல்லச் சொல்லுங்கள். தேவைகள் முடிவான பிறகு, அந்த இடைவெளியைச் சுருக்கித் திருத்தச் சொல்லுங்கள்.

டெவலப்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. முதலாளி டீக்கடையிலோ லிஃப்டிலோ கேட்டால் எண் எதுவும் சொல்லாதீர்கள். ‘நாளை மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன், சார்’ என்பது மரியாதையான பதில்தான்; அங்கே வாயில் வந்த எண் மறுநாளே வாக்குறுதி ஆகிவிடும். பிறகு உட்கார்ந்து வேலையை இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் முடியும் துண்டுகளாக உடையுங்கள். உடைக்க முடியாத துண்டு இருந்தால், அது உங்களுக்கு இன்னும் புரியாத துண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள்: நன்றாகப் போனால், வழக்கம்போல் போனால், இழுத்தால். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையில் (மூன்று மதிப்பீடுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். 4, 6, 14 நாள் என்றால் விடை 7. நீங்கள் வழக்கமாகச் சொல்லியிருக்கும் 6ஐவிட ஒரு நாள் கூட. அந்தச் சூத்திரத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை; 14 என்ற எண்ணை எழுத வைப்பதுதான் அதன் பயன். 14 ஏன் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளும்போதுதான் பழைய தரவும் பேமென்ட் கேட்வேயின் அனுமதியும் நினைவுக்கு வரும். மதிப்பீட்டோடு அது எதை நம்பியிருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள்: ‘சரக்குப் பட்டியல் ஆகஸ்ட் 25க்குள் வந்தால்.’

வேலை தொடங்கிவிட்டால் மதிப்பீட்டை மூடிவைத்துவிட்டு எண்ணத் தொடங்க வேண்டும். ஒரு தாளில் எல்லாத் துண்டுகளையும் எழுதி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுதாக முடிந்தவற்றை மட்டும் அடியுங்கள். உங்கள் ஊழியர் உங்கள் சரக்கை வைத்து ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்று சொல்வதுதான் முடிந்தது. பாதி முடிந்ததற்கு மதிப்பெண் கிடையாது. ஓர் உதாரணம்: மொத்தம் 72 துண்டு, ஆறு வாரத்தில் முறையே 3, 5, 2, 4, 6, 4 முடிந்தன, ஆக 24. மீதி 48, வாரம் நான்கு வீதம் 12 வாரம் என்று தோன்றும். ஆனால் அதே ஆறு வாரத்தில் ‘இதையும் சேர்த்துவிடுங்களேன்’ என்று ஒன்பது புதுத் துண்டுகளையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவையும் அந்த 72க்குள் இருக்கின்றன. சேர்ப்பது இதே வேகத்தில் தொடர்ந்தால் பட்டியல் வாரத்துக்கு இரண்டரைதான் குறையும். 48 தீர ஏறத்தாழ 19 வாரம் ஆகும். 12க்கும் 19க்கும் இடையிலான ஏழு வாரம் டெவலப்பரின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. இதைத் தாளில் பார்க்கும்போது பெரும்பாலான உரிமையாளர்கள் சேர்ப்பதைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா? செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘இன்னும் நான்கு பேரைப் போடுங்கள்’ என்று நெருக்காதீர்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரும் மென்பொருளின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் எழுதிய நூலில், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று காட்டினார். புதியவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர்கள் தங்கள் வேலையை நிறுத்த வேண்டும். நான்கு பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இணைப்புகள் ஆறு. எட்டுப் பேர் ஆனால் 28. ஆளைச் சேர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: உங்கள் பக்கம். சரக்குப் பட்டியலைத் திருத்த, கவுண்டரிலிருந்து ஒருவரை விடுவியுங்கள். கவுண்டருக்குத் தற்காலிக ஆள் வையுங்கள்.

தினமும் மூன்று முறை தொலைபேசியில் கேட்பதால் வேலை நகராது, பொய் வளரும். நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்ற விதியும் அப்படித்தான்: அபராதத்துக்குப் பயந்து, தயாராகாததைத் தயார் என்று கொண்டுவந்து வைப்பார்கள், அதன் செலவு உங்கள் கடையில் பில் நிற்கும்போது வரும். பணத்தைத் தேதியோடு கட்டாமல், ஓட்டிக் காட்டும் பகுதியோடு கட்டுங்கள்: சரக்கு வரவு வேலை செய்தால் இவ்வளவு, பில்லிங் வேலை செய்தால் இவ்வளவு, ஒரு மாதக் கணக்கு ஒத்துவந்தால் மீதி.

நல்ல நாள் பார்த்துத் தேதியை நிலைநிறுத்துவதும் உண்டு. விஜயதசமிக்குப் புதிய மென்பொருள் ஓடியாக வேண்டும் என்று சொல்லிவிட்டால், நகராத அந்தச் சுவரில் மோதி நசுங்குவது சோதனைக் காலம்தான். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 என்று குறித்த தேதியில், போதிய சோதனை இல்லாமல் திறந்தது. முதல் நாளில் அதன் வழியாகக் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறு பேர். விஜயதசமியன்று பூஜை போடுங்கள், பில்லை அடுத்த மாதம் போடுங்கள்.

சரி, என்ன செய்வது? இரண்டு மூன்று நாள் புது வேலை எதையும் தொடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். மீதமிருப்பதை முழுதும் எழுதி, கடந்த வாரங்களின் வேகத்தை வைத்துத் தேதியைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள். வரும் தேதி உங்களுக்குப் பிடிக்காது. பேரம் பேசிக் குறைக்காதீர்கள். தேதியைப் பேரத்தில் குறைக்கலாம், வேலை குறையாது. பேரம் பேச வேண்டியது பட்டியலில். நாளை கடை திறக்க எது இல்லாமல் முடியாது? பில் போடுவது, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, ஜிஎஸ்டி தாக்கலுக்கான அறிக்கை. மற்றவை பிறகு வரலாம். முதலாளியின் கைப்பேசியில் வண்ண வரைபடம், விற்பனைப் பிரதிநிதிகளுக்கான செயலி, பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் எல்லாம் இரண்டாம் கட்டம். பாதியாகக் குறைந்த பட்டியல் பாதி நேரத்தில் முடியாது, அடிப்படை வேலை அப்படியே இருக்கிறது. ஆனாலும் கணிசமாகக் குறையும்.

கோ-லைவ் (புதிய மென்பொருளுக்கு மாறும் நாள்) எது என்பதையும் யோசித்து வையுங்கள். ஏப்ரல் 1 கணக்குக்கு வசதி என்று பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்க இருப்பு சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் மார்ச் முழுவதும் கணக்காளர் ஆண்டுக் கணக்கில் மூழ்கியிருப்பார், ஏப்ரல் முழுவதும் அதன் மிச்சத்தில். ஜூலை 1 எனக்குப் பிடித்த நாள்: காலாண்டின் தொடக்கம், தீபாவளிச் சரக்கு வரத்தும் இன்னும் சூடு பிடித்திருக்காது. அதற்குமுன் ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் ஒரே பில்களைப் போட்டுப் பாருங்கள். ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், இரட்டை வேலை. மாதக் கடைசியில் இரண்டின் மொத்தமும் ஒத்துவரவில்லை என்றால், தேதியை ஒரு மாதம் தள்ளுங்கள், கூச்சப்படாமல்.

சில தேதிகளைத் தள்ளவே முடியாது. அரசு குறித்தவை அப்படிப்பட்டவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாக (அரசுத் தளத்தில் பதிவுசெய்து எண் பெற்ற பில்லாக) தர வேண்டும் என்று வந்தபோது, மென்பொருள் தயாராகவில்லை என்பது காரணமாகாது என்று பலரும் கடைசி வாரத்தில்தான் உணர்ந்தார்கள். நீங்கள் அந்த வரம்பை நெருங்குகிறீர்கள் என்றால் இரண்டு தேதிகள் வைத்துக்கொள்ளுங்கள்: அரசு சொன்ன நாள் ஒன்று, அதற்கு ஆறு வாரம் முன்னால் உங்கள் முடிவு நாள் ஒன்று. முடிவு நாளன்று புதிய மென்பொருளில் ஐம்பது மாதிரி பில் பிழையில்லாமல் போகவில்லை என்றால், மாற்று வழிக்கு மாறிவிடுங்கள். இ-இன்வாய்ஸுக்கு அரசே இலவசக் கருவி தருகிறது. பில் விவரங்களை எக்செல் தாளில் நிரப்பி ஏற்றலாம். வேகமில்லை, அலுப்பான வேலை, ஆனால் சட்டப்படி செல்லும். அதை ஓட்டத் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். அவருக்கு விடுப்பு வரும் நாளுக்காக இன்னொருவர்.